தங்கவயலின் நீரும் குடியும்

பாலாறு என்றதும் வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் நம் நினைவில் எழுதல் இயல்பு. எனினும் அந்த ஆறு நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்தின் ஊடே நடந்த பின்னரே தமிழகத்தின் எல்லையைத் தொடுகிறது. அவ்வழியில், கோலார் தங்கவயலுக்குச் சில கல் தொலைவில், பேரேரி ஒன்றின் கரையில் அமைந்துள்ள ஊர் பேத்தமங்களா. பழைய கல்வெட்டுகளில் விஜயாதித்தமங்கலம் என்னும் பெயரோடு விளங்கிய தொன்மையான ஊர் அது. ஒரு காலத்தில் தாலுகாவின் தலைமையிடமாகவும் இருந்தது. இரயில் பாதை பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காரப்பேட்டை, வழியே அமைந்தபின் அதன் பழைய சிறப்புக் குன்றியது. ஆயினும், தங்கவயல் வரலாற்றில் பேத்தமங்களாவுக்கு மாறாத ஓர் இடம் உண்டு. சுரங்க நகருக்குக் குடிநீர் தந்த ஊர் அது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை ஏற்றபின், மேட்டுநிலக் காடாகக் கிடந்த அவ்விடத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் குடியேறினர். மூங்கில் தட்டிக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் நல்ல நீர் இல்லையேல் வாந்திபேதி புகும். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து 1884இல் உலகுக்கு உணர்த்தியிருந்தார். எனவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பேத்தமங்களா ஏரியின் நீரை வடிகட்டிக் குழாய் வழியே தங்கவயலுக்கு ஏற்றும் அமைப்பு உருவாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1902இல், சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியிலிருந்து தொண்ணூறு கல்லுக்கு மேற்பட்ட தொலைவு கடந்து மின்சாரமும் அங்கு வந்து சேர்ந்தது. இவையிரண்டும் அக்காலத்து அருஞ்செயல்கள்.

வாந்திபேதி வந்தவனை நோக்கி, “நீ ஏன் கெட்ட நீரைக் குடித்தாய்?” என்று எவரும் பழி கூறியதில்லை. நீரைத் தூய்மை செய்வதும் நோயாளியைக் காப்பதும் ஊரின் கடமை என்று கொண்டனர். ஆனால் அதே ஊரில், அதே மக்களை வாட்டிய மற்றொரு துன்பம் இருந்தது. அதுதான் மதுவுக்கு அடிமைப்படும் துன்பம். அதனைச் சமுதாயம் முதலில் பாவமாகக் கண்டது. பிறகு வருவாயாகக் கண்டது. பிறகு குற்றமாகக் கண்டது. நோயாகக் கண்டது கடைசியிலேதான். இவ்வரிசை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று; உலகெங்கும் நிகழ்ந்ததே. எனினும் தங்கவயலையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்முன் வைத்து இதனை ஆராய்ந்தால், தமிழகத்திற்கு வெளியே உழைத்து வாழும் நமக்கு அதன் பொருள் தெளிவாக விளங்கும்.

தங்கவயலில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் மிகப் பலர், சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர். பண்ணையடிமையாக இருப்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று வந்த அவர்களின் துணிவைப் போற்றாமல் இருக்க இயலாது. ஆயினும் அவர்கள் இறங்கிய பாதாளம் எளிதானதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். திடீரெனப் பாறை வெடித்துச் சிதறும் ஆபத்து நாள்தோறும் உண்டு. பாறைத் தூளோ மூச்சோடு நெஞ்சில் படிந்து நுரையீரலை அரிக்கும்.

இத்தகைய வேலை முடிந்து மேலே வரும் மனிதன் உடல் வலி மறக்கவும், அச்சம் மறக்கவும், உறக்கம் பெறவும் கள்ளையோ சாராயத்தையோ நாடினான் என்றால் அதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களிலும் இதுவே கதை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்புகளிலும் மது ஓடிற்று. ஆனால் அங்கே அது நாகரிகம் எனப்பட்டது, லைன் வீடுகளில் அது ஒழுக்கக்கேடு எனப்பட்டது.

இங்கே ஒன்றை ஒப்பிட்டு நோக்கல் தகும். பாறைத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயும் நெடுங்காலம் கவனிப்பாரற்றே இருந்தது. தொழிலாளி இருமினால் அவன் உடல் வாகு என்றனர். பின்னர் 1940இல் மைசூர் அரசாங்கம் சிலிக்கோசிஸ் விதிகளை இயற்றி, அது தொழிலால் வந்த நோய் என்றும் அதற்கு நஷ்டஈடு உண்டு என்றும் ஏற்றுக்கொண்டது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. நோய் என்று பெயரிட்ட பின்னரே எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணிப் பார்த்த பின்னரே அதன் பரப்புத் தெரிந்தது. குடிப்பழக்கத்துக்கு அத்தகைய பெயர்மாற்றம் அக்காலத்தில் வரவில்லை.

குடியைப் பாவமாகக் கண்ட மரபு நம் நாட்டில் மிகப் பழையது. சங்கப் புலவர்கள் கள்ளை வெறுக்காமல் பாடினர். திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். சமணமும் பௌத்தமும் மதுவை விலக்கின. இவ்வறிவுரைகள் பலரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவுரை, இன்னும் தொடாதவனைத் தடுத்து நிறுத்துமேயன்றி, ஏற்கெனவே சிக்கியவனை மீட்பது அரிது. சிக்கியவனுக்கு அறிவுரையோடு துணையும் வேண்டும்.

அத்துணையின் ஓர் உருவத்தைத் தங்கவயலே கண்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலில் கிளைகள் தோன்றின. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, நூல் படித்து, சொற்பொழிவு கேட்டனர். 1914இல் பண்டிதர் மறைந்தபின், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பௌத்தர் ஏற்கும் ஐந்து சீலங்களுள் ஐந்தாவது, மயக்கம் தரும் பொருளை நீக்குதல். அச்சீலத்தை ஒருவன் தனியாக மனத்துக்குள் ஏற்பதற்கும், தன்னைப் போன்ற பத்துப் பேர் கூடிய அவையில் ஏற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாலை நேரத்தில் சாராயக்கடையைத் தவிரப் போக்கிடம் இல்லாதவனுக்குச் சங்கம் மற்றொரு போக்கிடம் ஆகிறது. இழந்த மதிப்பையும் அது மீட்டுத் தருகிறது. மருத்துவம் இன்று பெரிதாகப் பேசும் ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது: குடியை விடுபவனுக்கு அவ்விடத்தை நிரப்ப வேறொன்று கிடைத்தாக வேண்டும்.

இனி, வருவாயின் கதையைப் பார்ப்போம். பழைய மைசூர் அரசாங்கத்தின் வருமானத்தில் கலால் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை மாகாணத்திலும் அவ்வாறே. கள்ளும் சாராயமும் விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்த குத்தகைதாரர் போட்ட முதலை மீட்க விற்பனையைப் பெருக்கினார். பலர் குடித்தால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கிடைக்கும் என்னும் விபரீத நிலை ஏற்பட்டது. இதனை உடைக்க எண்ணிய இராஜாஜி, 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் பரவியது. இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி வந்தது.

இந்திய வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு செய்தி புலனாகும். சேலம், சித்தூர், வட ஆர்க்காடு ஆகிய மூன்றும் கோலார் மாவட்டத்துக்கு அருகில் கிடந்தவை. தங்கவயல் தொழிலாளரின் சொந்த ஊர்கள் மிகுந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்தின் சட்டம். இந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானத்தின் சட்டம். மனிதன் ஒருவனே, அவன் நோயும் ஒன்றே. ஆயினும் அவன் நிற்கும் நிலத்தைப் பொறுத்து அவன் குற்றவாளியாகவோ வாடிக்கையாளனாகவோ ஆனான். நோயாளியாக மட்டும் அவன் எந்தப் பக்கத்திலும் ஆகவில்லை.

நாடு விடுதலை அடைந்தபின், 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. நம் அரசியலமைப்பின் 47ஆம் விதி மதுவிலக்கை அரசின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. மைசூர் மாநிலத்தில் 1967இல் மதுவிலக்குத் தளர்ந்தது. தமிழகத்தில் 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. கர்நாடகத்தில் 2007 ஜூலை முதல் தேதியோடு சாராயக்கடைகள் மூடப்பட்டன. சட்டங்கள் வந்த நாட்களில் சில வீடுகளில் அடுப்பு எரிந்தது, குழந்தைகள் வயிறார உண்டனர் என்பதை நாம் மறுக்கலாகாது. மது எளிதில் கிடைக்காமல் இருப்பதும் விலை கூடியிருப்பதும் குடியைக் குறைக்கும் என்பது உலக ஆராய்ச்சிகள் கண்ட உண்மை.

ஆயினும் கடை மூடிய அன்று மாலை, பல ஆண்டுகளாக மதுவுக்குப் பழகிய உடல் நடுங்கத் தொடங்குமே, அதற்கு வழி யாது? மருத்துவம் இல்லாதபோது அவ்வுடல் கள்ளச்சாராயத்தைத் தேடிச் செல்லும். 1981இல் பெங்களூரில் கள்ளச்சாராயத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் பலியாயினர். 2008 மே மாதம் கர்நாடக–தமிழக எல்லைப் பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொன்ற பொருள் மெதனால். வார்னிஷ், சாயம் முதலிய தொழில்களுக்குரிய அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் பறிக்கும். விரைவில் மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் காக்க முடியும். ஆனால் குடித்தவன் அஞ்சுகிறான். போலீசு வரும், ஊர் சிரிக்கும் என்று வீட்டிலேயே கிடக்கிறான். பார்வை மங்கிய பின்னரே வருகிறான். வெட்கம் இவ்விடத்தில் நஞ்சுக்குத் துணையாக நின்று கொல்கிறது.

குடி ஒரு நோய் என்னும் கருத்து எங்கே, எப்போது தோன்றிற்று? அமெரிக்க விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கடும் மதுவகைகளின் தீமை பற்றி ஒரு சிறு நூல் எழுதி, மிகுகுடியை நோய் என்றார். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவரான தாமஸ் டிராட்டர் 1804இல் வெளியிட்ட நூலில் அதனை மனத்தின் நோய் என விளக்கினார். ஸ்வீடன் நாட்டு மாக்னஸ் ஹுஸ் 1849இல் அதற்கு மருத்துவப் பெயரே சூட்டினார். ஆயினும் நூலில் எழுதியது மருத்துவமனைக்கு வர நூறாண்டு பிடித்தது.

நம் நாட்டில் அக்காலத்து நிலை எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. கஞ்சாவினால் பைத்தியம் பிடிக்கிறதா என்று ஆராய 1893இல் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளில் பலர் பெயருக்கு நேரே ‘கஞ்சா’ என்று காரணம் எழுதியிருந்தது. கமிஷனார் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தபோது, அவற்றுள் பல, நோயாளியைக் கொண்டுவந்த போலீசார் ஏதேனும் ஒரு காரணம் எழுத வேண்டுமே என்று எழுதியவை எனத் தெரிந்தது. நோயாளியை எவரும் கேட்கவில்லை. அவன் வீட்டாரையும் எவரும் கேட்கவில்லை. போதைப்பொருள் பற்றிப் பேசும்போது முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணையைப் பிறகு செய்யும் வழக்கம் பழையது.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு புதுவழி பிறந்தது. குடியால் கெட்ட பங்குத் தரகர் ஒருவரும், குடியால் கெட்ட அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லிக்கொண்டபோது குடிக்கும் வேட்கை அடங்கக் கண்டனர். அவர்கள் தொடங்கிய, பெயர் வெளியிடாத குடிநோயாளர் குழு, 1957இல் பம்பாயில் கால் வைத்தது. பின்னர்ப் பல நகரங்களில் பரவியது. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. “இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்” என்பதே அங்கு எடுக்கும் உறுதி. மாரிகுப்பத்துச் சங்கத்தார் வேறொரு வழியில் கண்டதையே இவர்களும் கண்டனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

1948இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் டைசல்ஃபிராம் என்னும் மருந்தைப் பற்றி எழுதினர். வயிற்றுப் புழுவுக்கு உதவுமா எனச் சோதிக்கத் தாமே அதை உண்ட அவர்கள், பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க நேர்ந்ததைக் கண்டனர். உடலில் மது எரியும் வழியை இடையில் அடைப்பதே அம்மருந்தின் வேலை. குடித்தால் துன்பம் வரும் என்று தெரிந்தே, மனம் ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் உண்பவருக்கு அது நல்ல காவல். ஆனால் கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அது பெருந்தீங்கு, அறியாமல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்நோயின் இயல்பை இன்றைய அறிவியல் எவ்வாறு விளக்குகிறது? மூளையில் கிளர்ச்சியூட்டும் ஓட்டமும் அமைதியூட்டும் ஓட்டமும் ஒன்றையொன்று சமன் செய்து நிற்கின்றன. மது அமைதியூட்டும் பக்கத்தை அழுத்துகிறது. நாள்தோறும் இது நிகழ்ந்தால், சமனைக் காக்க மூளை கிளர்ச்சிப் பக்கத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால் முன்பு ஒரு குவளையில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது மூன்று குவளை வேண்டியிருக்கிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால், பெருகிய கிளர்ச்சி கட்டுக்கடங்காமல் எழுகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணில் தோன்றி, மனம் குழம்பி, உடல் கொதிக்கும். 1813இல் தாமஸ் சட்டன் என்னும் மருத்துவர் பெயரிட்டு விவரித்த நிலை இது. மருத்துவம் இன்றேல் உயிரைக் குடிக்கும். மிகுதியாகக் குடித்துப் பழகியவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

மருத்துவம் இரு கட்டங்களாக நிகழும். முதற் கட்டம் உடலைத் தேற்றுதல். சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் அமைதியூட்டும் மருந்தை அளவு குறைத்துக்கொண்டே கொடுப்பர். தயமின் என்னும் வைட்டமினை ஊசி மூலம் ஏற்றுவர். அது குறைந்தால் மூளையே சேதமுறும். இக்கட்டம் முடிந்ததும் நோய் தீர்ந்தது என்று வீட்டார் எண்ணுவர். உண்மையில் அப்போதுதான் மருத்துவம் தொடங்குகிறது. இரண்டாம் கட்டம் மாதங்களும் ஆண்டுகளும் நீளும். எந்த நேரத்தில், எவரோடு, எந்த மனநிலையில் வேட்கை எழுகிறது என்று நோயாளியும் ஆலோசகரும் சேர்ந்து ஆராய்வர். வேட்கையைத் தணிக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. மனைவியும் தாயும் மக்களும் பட்ட காயத்துக்கும் அங்கு ஆறுதல் தேடப்படும்.

நடுவில் மீண்டும் ஒரு முறை குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று கருதுதல் பிழை. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவர் அவரைத் துரத்துவதில்லை, மருந்தை மாற்றுகிறார். குடிநோய்க்கும் அதே முறைதான். பேத்தமங்களா நீரேற்று நிலையம் ஒரு நாள் நீரேற்றிவிட்டு ஓய்ந்திருந்தால் தங்கவயலின் தாகம் தீர்ந்திராது. இடையறாமல் நடப்பதே பொதுச் சுகாதாரத்தின் உயிர்நாடி.

நம் நாட்டுச் சுகாதாரத் துறை இவ்வழிக்கு மெல்ல மெல்லவே வந்தது. பெங்களூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய மனநோய் விடுதி, பின்னர் மைசூர் மனநோய் மருத்துவமனையாகி, 1974இல் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய நிறுவனமாக உருப்பெற்றது. குடிநோய்க்கும் போதைநோய்க்கும் தனிப்பிரிவு கொண்டு, நாட்டின் பிற பகுதி மருத்துவர்களுக்கும் அது பயிற்சி தருகிறது. தங்கவயலிலிருந்து இரயிலில் சென்று சேரக்கூடிய தொலைவில் அது இருப்பது ஒரு நற்பேறு. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985 முதல் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே மனநோய் மருத்துவம் கற்பித்து, நோயாளியின் ஊருக்கு அருகில் சிகிச்சை கிடைக்கச் செய்யும் முயற்சி நடந்தது. அதுவே பின்னர் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு முன்மாதிரி ஆயிற்று.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோய்க்குத் தம் கணவரை இழந்த துயரிலிருந்து எழுந்து, 1980இல் அவர் பெயரால் ஒரு மருத்துவ அறநிலையத்தைத் தோற்றுவித்தார். அவ்வறநிலையம் நகர மருத்துவமனையோடு நிற்காமல், காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் முகாம் அமைத்தது. நோயாளிகள் குழுவாகத் தங்கிச் சிகிச்சை பெற்றனர். ஊர்ப் பெரியோரும் உடன் நின்றனர். அறியாத நகரத்து வார்டில் தனியே கிடப்பதைவிடத் தன் மொழி பேசும் மனிதர் நடுவே, ஊர் அறியத் திருந்துவது எளிது என்பதை அம்முகாம் காட்டிற்று.

சட்டமும் மாறியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவையும் போதைப்பொருளையும் சார்ந்த மனநிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்து, அரசுச் சேவையில் சிகிச்சை பெறும் உரிமையைத் தந்தது. ஆனால் உரிமைக்கும் உண்மைக்கும் இடைவெளி பெரிது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, மது அருந்துவோர் ஏறத்தாழ பதினாறு கோடிப் பேர். அவர்களுள் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவி தேவை. மதுவுக்கு அடிமைப்பட்டோரில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். வாந்திபேதி கண்ட முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேரை வாசலிலேயே விட்டுவிட்டால் நாம் பொறுப்போமா?

அந்த முப்பத்தேழு பேர் ஏன் வரவில்லை? மருத்துவமனை தொலைவில் இருப்பது ஒரு காரணம். சொல் மற்றொரு காரணம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இந்நோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், கடனைத் தீர்க்க இயலாதவனை நீதிபதி கடன் கொடுத்தவன் கையில் அடிமையாக ஒப்படைத்த ரோமானிய வழக்கிலிருந்து வந்தது. ‘மதுவுக்கு அடிமை’ என்று தமிழர் வழங்குவதும் அதே பொருளில்தான். அடிமையைக் கண்டால் நியாயமுள்ளவன் விலங்கை அறுக்க நினைப்பான். அடிமையை அடிக்க நினையான். ஆயினும் தெருவில் நாம் வழங்கும் சொல் ‘குடிகாரன்’ என்பதே. அச்சொல் மனிதனின் மற்ற எல்லா அடையாளங்களையும் அழித்துவிடுகிறது. ‘குடிநோயாளி’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி தானாகவே “மருத்துவம் என்ன?” என்று எழும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு ஓடிய சக்கரங்கள் நின்றன. சுரங்கத்தை நம்பிய மருத்துவமனையும் பழைய நிலையை இழந்தது. அன்று முதல் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வேலையிழப்பும், நீண்ட பயணமும், நாளையைப் பற்றிய கவலையும் குடிக்கு வழிகோலும் காரணங்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. தங்கவயலில் மட்டுமா? மும்பையின் தாராவியிலும், தில்லியிலும், சூரத்திலும் வாழும் தமிழ்த் தொழிலாளர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சொந்த ஊரில் தட்டிக்கேட்க மாமனும் பெரியப்பனும் இருந்தனர். வெளியூரில் அறையில் உடன் தங்குவோரே உறவு. அங்கே நோய் முற்றிய பின்னரே வெளியே தெரிகிறது.

இந்நோயின் மருத்துவத்தில் பாதி, சொல்லால் நிகழ்வது. சொல்லால் நிகழும் மருத்துவத்துக்குத் தாய்மொழி வேண்டும். அயல்மொழி மருத்துவரிடம் வயிற்றுவலியைக் கைகாட்டிச் சொல்லிவிடலாம். மனைவியின் தாலியை அடகு வைத்த கதையைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. இதற்கு இன்று ஓரளவு வழி ஏற்பட்டிருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். அது தமிழ் உட்பட இருபது மொழிகளில் பேசுகிறது. போதைநோய்க்கென்றே 14446 என்னும் எண்ணும் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

ஊர்தோறும் நம் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. மாதம் ஒரு மாலை, குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புவோரும் தமிழில் பேசிக்கொள்ள ஓர் அறையைத் திறந்து வைத்தால், அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்று மொழிபெயர்த்து உதவ ஒருவர் முன்வந்தால், ஒரு குடும்பம் பிழைக்கும். சிலிக்கோசிஸை நோய் என ஏற்கத் தங்கவயலுக்கு அறுபது ஆண்டு ஆயிற்று. குடிநோய்க்கு அதைவிட நெடுங்காலம் கடந்துவிட்டது. பெயர் இப்போது கிடைத்துவிட்டது, மருந்தும் கிடைத்துவிட்டது. அவற்றை நம் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் வேலையே எஞ்சியிருக்கிறது.